கோவை, மதுரை மெட்ரோ திரும்பி வந்துவிட்டது. டவுன் பஸ் ஓட்ட டெல்லியிடம் காசு கேட்போமா?

நொய்யல்கரை (கோவை) – இழை தொடக்கம்

கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளை ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் நவம்பர் 2025-ல் திருப்பி அனுப்பியதிலிருந்து எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இதே பேச்சு. "20 லட்சம் ஜனத்தொகை இல்லையாம்" என்று ஒரு பக்கம். "ஆக்ராவுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள்" என்று இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதை இங்கே பேசுகிறவர்கள் பேசுங்கள். நான் கேட்க வந்தது வேறு.

உள்ளூர்ப் போக்குவரத்துக்கு என்று டெல்லியிலிருந்து இருபது வருஷமாக வந்த பணம் எதற்கு வந்தது என்று பாருங்கள். 2005 டிசம்பரில் ஜே.என்.என்.யு.ஆர்.எம். என்ற நகர மேம்பாட்டுத் திட்டம் வந்தது: சாலை, பாலம். 2009 ஜனவரியில் பொருளாதார மந்தநிலையைச் சமாளிக்க அறிவித்த சலுகைகளோடு, அதே திட்டத்தின் கீழ் பஸ் வாங்கவும் காசு கொடுத்தார்கள். 2015-ல் ஸ்மார்ட் சிட்டி: பஸ் ஸ்டாண்டு, நடைபாதை, சிக்னல். மெட்ரோ என்றால் பாதை, ஸ்டேஷன், ரயில் பெட்டி. அத்தனையும் வாங்கவும் கட்டவும் வந்த காசு. திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து டீசல், டயர், ஸ்பேர், சம்பளம் எல்லாம் மாநிலத்தின் தலையில். டிக்கெட் விலையோ 2018 ஜனவரியில் ஏற்றியதோடு நிற்கிறது.

சாயந்திரம் ஆறரை மணிக்குச் சரவணம்பட்டியில் வந்து நில்லுங்கள். காந்திபுரம் பஸ் வரும்போதே படிக்கட்டு நிறைந்திருக்கும். ஏற முடியாதவர்கள் அடுத்ததற்கு நிற்பார்கள், அதுவும் அப்படியே வரும். ஒன்பதரைக்கு மேல் நிலைமை தலைகீழ்: ஆள் நிற்பார்கள், பஸ் வராது. அந்த நேரத்து டிரிப் லாபம் தராது என்பதால் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

இந்த ஒன்பதரை மணி பஸ்ஸை ஓட்ட எந்த ஒன்றியத் திட்டத்திலும் காசு இல்லாமல் இருந்தது. 2023 ஆகஸ்டில்தான் முதன்முதலாக அப்படி ஒன்று பெரிய அளவில் வந்தது, பி.எம். இ-பஸ் சேவா. 10,000 மின்சார பஸ், 169 நகரம், மொத்த மதிப்பு 57,613 கோடி, அதில் ஒன்றிய அரசு 20,000 கோடி. பஸ் ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பத்து வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அதில் சேரவில்லை.

மெட்ரோவுக்காக எழுப்பும் அதே குரலில் இதையும் கேட்டே ஆகவேண்டும் என்பது என் வாதம். என்ன சொல்கிறீர்கள்?

காவேரிப்பாலம் (திருச்சி)

மன்னிக்கணும் நண்பரே, இது டெல்லி சொல்றதையே நம்ம வாயால சொல்ற மாதிரி இருக்கு. மெட்ரோ கேட்டா "பஸ் விடுங்க, பி.ஆர்.டி.எஸ். (பஸ்ஸுக்கு மட்டும் தனிப் பாதை) போடுங்க"ன்னு பதில் வருது. ஒன்றிய அமைச்சர் மனோகர் லாலும் இ-பஸ் திட்டத்துல தமிழ்நாடு சேரலைன்னு சொல்லித்தான் பேச்சை மாத்தினார்.

ஆக்ரா நகர ஜனத்தொகை 2011-ல 16 லட்சத்துக்கும் கீழ. 2019 பிப்ரவரியில மெட்ரோவுக்கு ஒப்புதல். போபாலுக்கு 2018-லயே ஒப்புதல், அங்கயும் 20 லட்சம் இல்லை. கோவையோட நகர்ப்புறத் திரளை, அதாவது மாநகராட்சியோட ஒட்டி வளர்ந்த சுத்துப்பட்டு ஊர்களையும் சேர்த்து மொத்தமா எடுத்தா 2011 கணக்குப்படியே 21 லட்சத்தைத் தாண்டும். மாநகராட்சி எல்லைய மட்டும் வச்சு அளந்தா குறையத்தான் செய்யும். அந்தக் கணக்கே 14 வருஷப் பழசு. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல. அதுவரைக்கும் கோவை வளராம அப்படியே நிக்குமா?

நம்ம கேக்கவேண்டியதை அழுத்திக் கேக்காம பாதியிலயே "சரி, பஸ்ஸாவது குடுங்க"ன்னு இறங்கக்கூடாது.

நொய்யல்கரை (கோவை)

இறங்கச் சொல்லவில்லைங்க. ஜனத்தொகை விஷயத்தில் நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. நானும் அவினாசி ரோட்டுக்காரன்தான், மெட்ரோ வந்தால் முதலில் ஏறுவேன். ஆனால் இன்றைக்கே ஒப்புதல் கிடைத்தாலும் கட்டி முடிக்க எத்தனை வருஷம்? சென்னை முதல் கட்டத்துக்கு ஒன்றிய ஒப்புதல் 2009 தொடக்கத்தில், கோயம்பேடு–ஆலந்தூர் முதல் ரயில் 2015 ஜூன் 29-ல். ஆறு வருஷத்துக்கு மேல். அதுவரை ஜனங்கள் எதில் போவார்கள்?

வரவுசெலவு (சென்னை)

மெட்ரோவுக்கு "மத்திய அரசு நிதி" என்று எல்லோரும் சொல்வதில் எது மானியம், எது கடன் என்று பிரித்துப் பார்த்தால் இந்த விவாதம் கொஞ்சம் தெளியும். சென்னை இரண்டாம் கட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் கணக்கு பொதுவெளியில் இருக்கிறது.

118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி. 2020 நவம்பரில் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். 2021 ஒன்றிய பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன் இதே தொகையைச் சொல்லி அறிவித்தார். 2021 ஆகஸ்டில் டெல்லியில் பொது முதலீட்டு வாரியம் பரிந்துரைத்தது. ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் எப்போது தெரியுமா? 2024 அக்டோபர் 3. அடிக்கல்லுக்கும் ஒப்புதலுக்கும் நடுவே கிட்டத்தட்ட நான்கு வருஷம்.

அந்த நான்கு வருஷமும் அது "மாநிலத் துறைத் திட்டம்". 2017 மெட்ரோ கொள்கைப்படி மானிய வழியில் போனால் ஒன்றிய அரசின் பங்கு 10 சதவீதம், அதிலும் நிலத்தின் விலை சேராது. மிச்சம் சுமார் 90 சதவீதத்துக்கு மாநிலமே பொறுப்பு. மாநிலம் கடன் வாங்கிக்கொண்டே வேலையை நிறுத்தாமல் நடத்தியது.

ஒப்புதல் வந்தபின் "ஒன்றிய அரசு 65 சதவீதம் தருகிறது" என்று செய்தி வந்தது. அந்த 65-ஐப் பிரியுங்கள். பங்கு மூலதனமும் துணைக் கடனும் சேர்ந்து 7,425 கோடி. மீதி 33,593 கோடி, ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றிடம் வாங்கும் கடன். அது இனி ஒன்றிய அரசின் பெயரில் வாங்கும் கடனாகி, ஒன்றிய பட்ஜெட் வழியாக மெட்ரோ நிறுவனத்துக்கு வரும். திருப்பிக் கட்டவேண்டியது மெட்ரோ நிறுவனம். அதனால் முடியாவிட்டால் மாநிலம் கைகொடுக்க வேண்டும்.

இதில் மாநிலத்துக்கு லாபம் இல்லை என்று சொல்லவில்லை, பெரிய லாபம் இருக்கிறது. அந்தக் கடன் மாநிலத்தின் கடன் வரம்பில் ஏறாது. அந்த அளவுக்கு வேறு வேலைக்குக் கடன் வாங்க இடம் கிடைக்கிறது. ஆனால் 65 சதவீதம் என்றதும் கையில் வைத்த மானியம் என்று நினைத்தால் தவறு. நிஜமாகவே டெல்லி தன் பையிலிருந்து போடுவது 63,246-ல் 7,425. சுமார் 12 சதவீதம்.

அடுத்தது, ரயில் ஓட ஆரம்பித்த பிறகு வரும் இயக்க நஷ்டம். அதற்கு டெல்லியிடம் பங்கு கேட்க வழியில்லை. மாநிலம்தான். ஆகவே நொய்யல்கரை சொல்வது பஸ்ஸுக்கு மட்டுமல்ல, மெட்ரோவுக்கும் பொருந்தும்.

வைகைவாசி (மதுரை)

எங்க ஊருக்கு பி.ஆர்.டி.எஸ். போதும்னு சொல்றவங்க ஒரு தடவை கீழவாசல்ல இருந்து சிம்மக்கல் வரைக்கும் வந்து பாக்கணும். பஸ்ஸுக்குன்னு தனி லேன் எங்க போடுவாக? வெளி வீதியிலயா? பைபாஸ்ல போடலாம், ஒத்தக்கடைப் பக்கம் போடலாம். ஊருக்குள்ள?

பெரியார் பஸ் ஸ்டாண்ட ஸ்மார்ட் சிட்டி காசுல இடிச்சுக் கட்டி 2021 டிசம்பர்ல திறந்தாங்க. கட்டிடம் நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா அதுக்குள்ள வர்ற பஸ்ஸு பழைய பஸ்ஸு. மழை பேஞ்சா ஜன்னல் ஓரம் உக்கார முடியாது. ஸ்டாண்டுக்குக் காசு இருக்கு, ஸ்டாண்டுக்கு வர்ற பஸ்ஸுக்கு இல்ல. நொய்யல்கரை அண்ணே சொன்னதுதான்.

2009-ல மதுரைக்கு 300 பஸ்ஸு குடுத்தாகளே, அது எங்க போச்சு? யாராச்சும் தெரிஞ்சவுக சொல்லுங்க.

ஸ்பேனர்செட் (ஓய்வு, போக்குவரத்துக் கழக மெக்கானிக்)

தம்பி வைகைவாசி, அந்த பஸ்களைத் தொட்டு வேலை பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். எந்த டிப்போ, எந்தக் கழகம் என்று சொல்லப்போவதில்லை.

சென்னைக்கு 1,000, கோவைக்கு 300, மதுரைக்கு 300 என்று ஒதுக்கீடு. விலையில் சென்னைக்கு 35 சதவீதம், கோவைக்கும் மதுரைக்கும் பாதி ஒன்றிய அரசு. மீதி மாநிலமும் கழகமும். டெல்லியிலிருந்தே பஸ் எப்படி இருக்கவேண்டும் என்று விதிமுறை வந்தது. தாழ்தளம், இல்லாவிட்டால் அரைத் தாழ்தளம். பின்பக்க இன்ஜின். காற்றில் திறந்து மூடும் கதவு. எல்.இ.டி. போர்டு. ஏர் சஸ்பென்ஷன். நாங்கள் அதுவரை பார்த்த பஸ் எல்லாம் முன்பக்க இன்ஜின், லீஃப் ஸ்பிரிங். கழகத்தின் சொந்த பாடி கட்டும் யூனிட்டில் கட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவோம்.

புது பஸ் நல்ல பஸ். அதில் சந்தேகமே இல்லை. வயசானவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள் சிரமமில்லாமல் ஏறினார்கள். ஜனங்கள் விரும்பித்தான் வந்தார்கள். பிரச்சினை மூன்றாவது வருஷம் ஆரம்பித்தது.

ஏர் சஸ்பென்ஷனில் பெல்லோஸ் என்று ரப்பர் பை இருக்கும். நம் ஊர் குழியில் இறங்கி ஏறினால் அது கிழியும். கிழிந்தால் பஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ரூட்டுக்கு அனுப்ப முடியாது. புது பெல்லோஸ் வெளியிலிருந்துதான் வாங்கவேண்டும், விலை அதிகம். கேட்டு எழுதுவோம், நிதி இல்லை என்று திரும்பும். பின்பக்க இன்ஜினில் ரேடியேட்டருக்குள் தூசி அடைத்து சூடு ஏறும். கதவு சிலிண்டர் லீக் ஆனால் கதவு மூடாது, கண்டக்டர் கயிறு கட்டி இழுத்து வைப்பார். எல்.இ.டி. போர்டு முதலில் பாதி எழுத்து காட்டும், அப்புறம் எதுவும் காட்டாது. அட்டையில் எழுதிக் கண்ணாடியில் வைப்பார்கள்.

கடைசியில் என்ன செய்தோம்? ஆஃப் ரோடில் நிற்கும் ஒரு பஸ்ஸில் கழற்றி இன்னொன்றில் மாட்டினோம். அதற்கு அப்புறம் கழற்றிய பஸ் திரும்ப எழுந்திருக்காது. பணிமனைச் சுவரோரம் அப்படி நின்ற பஸ்ஸின் டயர் மண்ணில் புதைந்து, அடியில் புல் முளைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது பாதி விலை தந்தவர்கள், பெல்லோஸ் வாங்க ஒரு பைசா தரவில்லை. தரவேண்டும் என்று அந்தத் திட்டத்தில் எழுதவும் இல்லை.

இன்னொன்று. 2013-ல் மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு விலையைத் தனியாக ஏற்றினார்கள். அதில் முதலில் அடிபட்டது அரசு பஸ் கழகங்கள்தான். டிப்போவுக்குள் எங்கள் சொந்த பங்க் இருக்கும்போதே, பஸ்களை வெளியே தனியார் பங்க்குக்கு அனுப்பி டீசல் அடித்துக்கொண்டு வந்தோம். டிரிப்புக்கு நடுவில் பங்க் வாசலில் வரிசை. ஒரு கையால் பஸ் வாங்கக் காசு கொடுத்து, மறு கையால் டீசலில் திரும்ப எடுத்துக்கொண்டால் எந்தக் கழகம் நிமிரும்?

வைகைவாசி (மதுரை)

நன்றி ஐயா. இந்தக் கதவக் கயிறு கட்டுன பஸ்ல நான் போயிருக்கேன். ஏன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

விசில் (கண்டக்டர், பணியில் உள்ளவர்)

மெக்கானிக் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா தோழர்களே, இ-பஸ் திட்டத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கச் சொல்லாதீங்க. அதுல என்ன இருக்குன்னு எங்க பக்கத்துல இருந்து சொல்றேன்.

பஸ் கழகத்தோடது கிடையாது. தனியார் கம்பெனி பஸ் கொண்டுவரும், டிரைவரும் அவங்க ஆளு, பராமரிப்பும் அவங்க. கழகம் கண்டக்டரைப் போட்டு டிக்கெட் காசை வாங்கிக்கும். கம்பெனிக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கழகம் குடுக்கணும், பஸ்ல ஆள் ஏறினாலும் ஏறலைன்னாலும். அந்த ரேட்டுல ஒரு பகுதியத்தான் மத்திய அரசு குடுக்குது. அதுவும் பத்து வருஷம். பதினோராவது வருஷம்?

ஏற்கெனவே டிரைவர், கண்டக்டர் காலியிடம் கிடக்கு. டபுள் டூட்டி பார்த்துத்தான் பல ரூட் ஓடுது. ஓய்வு பெற்றவங்க பணப்பலனுக்கு எவ்வளவு காலம் காத்திருந்தாங்கன்னு ஊருக்கே தெரியும். இந்த நேரத்துல டிரைவர் வேலைய கம்பெனிக்குக் குடுத்தா நாளைக்கு டிப்போவையும் குடுப்பாங்கங்கிற பயம் எங்களுக்கு இருக்கு. பயம் நியாயமானது.

சென்னையில 2025 ஜூன் கடைசியில வியாசர்பாடியில இருந்து 120 மின்சார பஸ் விட்டாங்களே, அதுவும் இதே ஒப்பந்த முறைதான், உலக வங்கி உதவியோட. மாநிலம் தானா விட்டாலும் தனியார், மத்திய அரசுகிட்ட வாங்கினாலும் தனியார். எங்க கேள்வி ரெண்டு பேருக்கும்தான்.

நொய்யல்கரை (கோவை)

விசில் தோழர், உங்கள் பயத்தை நான் தள்ளவில்லை. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: சென்னையில் மாநிலமே அந்த முறையை எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் தனியார் ஓட்டுவதால்தான் இ-பஸ் சேவாவில் சேரவில்லை என்ற காரணம் நிற்காது. அதே முறையில் கோவையிலும் மதுரையிலும் ஓடினால் கிலோமீட்டருக்கு ஒன்றிய அரசின் காசும் சேர்ந்து வரும். சென்னைக்கு அது கிடையாது, ஏனென்றால் 3 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை உள்ள நகரங்களுக்குத்தான் திட்டம்.

கணக்கைச் சொல்கிறேன். 12 மீட்டர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், 9 மீட்டருக்கு 22, 7 மீட்டருக்கு 20. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். பெரிய பஸ் ஒன்றுக்கு நாளைக்கு 4,800 ரூபாய், வருஷத்துக்குப் பதினேழரை லட்சம். 100 பஸ்ஸுக்குப் பத்து வருஷத்தில் 175 கோடி. டிப்போவுக்கு உயர் அழுத்த மின் இணைப்பு கொண்டுவரும் செலவுக்கும் தனியாக நிதி உண்டு.

175 கோடி பெரிய காசா என்று கேட்பீர்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள், கோவைக்காரனாக எனக்குப் பெருமைதான். அதன் செலவு 1,791 கோடி, மாநில அரசின் காசு. அதில் பத்தில் ஒரு பங்கு, நூறு பஸ்ஸின் பத்து வருஷ ஒன்றிய உதவி.

மஞ்சள்கொத்து (சூலூர் பக்கம்)

நான் இந்தக் கணக்கெல்லாம் பேச வரலைங்க. ஆனா பாலம்னு சொன்னதால எழுதறேன்.

பாலத்துமேல போனா ஊரே பத்து நிமிஷத்துல தாண்டிடலாம்னு சொல்றாங்க. கார்ல போறவங்களுக்கு. எங்களை மாதிரி ஸ்டாப் ஸ்டாப்பா இறங்கறவங்களுக்கு டவுன் பஸ் கீழதானுங்களே போகணும்? எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட் பத்து மணிக்கு முடியும். கூட வேலை பார்க்கிற நாலஞ்சு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடிப்போம். பஸ்ல இலவசமா போகவேண்டிய நாங்க ராத்திரி மட்டும் தலைக்கு நாப்பது, அம்பதுன்னு குடுக்கறோம். மாசக் கடைசியில அது சம்பளத்துல நல்லாத் தெரியும். ஆட்டோ கிடைக்காத அன்னைக்கு என் தம்பி வண்டி எடுத்துட்டு வருவான், அவன் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவன்.

மெட்ரோ வந்தாலும் நான் இறங்கற இடத்துல இருந்து வீட்டுக்கு மூணு கிலோமீட்டர். அதுக்கும் பஸ்தான் வேணும். யாரு காசு குடுத்தாலும் சரிங்க, ராத்திரி பத்தே காலுக்கு ஒரு பஸ் வேணும்.

காவேரிப்பாலம் (திருச்சி)

அக்கா சொல்றது புரியுது. அதுக்கு எதிரா நான் பேசலை.

ஆனா மகளிர் விடியல் பயணத்தையே பாருங்க. 2021 மே-ல தொடங்கினது. 2025-26 பட்ஜெட்டுல அதுக்கு மட்டும் 3,600 கோடி ஒதுக்கியிருக்கு மாநிலம். அதுதானே நீங்க கேக்கற "ஓட்டறதுக்கான காசு"? மாணவர் பஸ் பாஸ், டீசல் மானியம் எல்லாம் தனி. டெல்லியில இருந்து இதுக்கு ஒரு ரூபாய் இல்லை. பத்து வருஷத்துக்கு 100 பஸ்ஸுக்கு 175 கோடி தர்றவங்களை நாம புகழணுமா?

பெட்ரோல், டீசல்ல சாலை–உள்கட்டமைப்பு செஸ்னு ஒரு கூடுதல் வரி எடுக்கறாங்களே, அது மாநிலங்களோட பங்கு போடற தொகுப்புலயே வராது. நாம டேங்குல போடற ஒவ்வொரு லிட்டர்லயும் டெல்லிக்குப் போய் அங்கயே நிக்குது. சென்னை பறக்கும் ரயிலோட ரெண்டாம் கட்டத்துக்கு, ரயில்வே திட்டமா இருந்தும், மூணுல ரெண்டு பங்கு மாநிலம் போட்டுச்சு. இதையெல்லாம் சேர்த்துப் பேசணும்.

வரவுசெலவு (சென்னை)

காவேரிப்பாலம் தொட்ட இடம்தான் அடிப்படை. அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

டெல்லியிலிருந்து மாநிலத்துக்குப் பணம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று நிதிக்குழு வழியாக வருவது. வரிப் பங்கு, 15-வது நிதிக்குழுவில் 41 சதவீதம். அதை எதற்குச் செலவழிப்பது என்று யாரும் கேட்கமுடியாது, பஸ் டயரும் வாங்கலாம். இன்னொன்று அரசியலமைப்பின் 282-வது பிரிவில் அமைச்சகங்கள் திட்டம் போட்டுக் கொடுப்பது. ஜே.என்.என்.யு.ஆர்.எம்., ஸ்மார்ட் சிட்டி, இ-பஸ் எல்லாம் இந்த வகை. இதில் விதியை எழுதுவது அமைச்சகம். யாருக்கு, எவ்வளவு ஜனத்தொகை இருந்தால், எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் அவர்கள் கையில். செஸ் வளர வளர முதல் வகை சுருங்குகிறது, இரண்டாவது வகைக்கு மாநிலங்கள் வரிசையில் நிற்கவேண்டி வருகிறது. பஸ் ஓட்டும் செலவு போல வருஷா வருஷம் வரும் செலவுக்கு முதல் வகைதான் சரியான பணம். ஆகவே வரிப் பங்குக்கான சண்டையும் டவுன் பஸ்ஸுக்கான சண்டைதான்.

ஆனால் நிபந்தனை எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். 2009-ல் பஸ் கொடுத்தபோது, பஸ், ரயில், சாலை எல்லாவற்றையும் ஒன்றாகத் திட்டமிட ஒரு ஆணையம் வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல நிபந்தனை. சென்னையில் 2010-ல் அதற்குச் சட்டமே போட்டோம், கும்டா. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு வருஷம் சட்டம் காகிதத்தில் இருந்தது, இரண்டு கட்சி ஆட்சியிலும். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் வந்தது. அது பத்து வருஷம் முன்பே வந்திருக்க முடியும். இதற்கு டெல்லியைக் குறை சொல்ல இடமில்லை.

இப்போது இ-பஸ்ஸில் உண்மையிலேயே இடிக்கும் நிபந்தனைக்கு வருகிறேன். ஒப்பந்தக் கம்பெனிக்குக் கழகம் பணம் தராமல் தாமதித்தால், ரிசர்வ் வங்கியில் உள்ள மாநிலக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொள்ள மாநிலம் முன்கூட்டியே ஒப்புதல் எழுதித் தரவேண்டும். 2024 செப்டம்பரில் 3,435 கோடியில் ஒரு பாதுகாப்பு நிதியும் போட்டார்கள். கம்பெனி பார்வையில் பார்த்தால் புரிகிறது: கழகங்கள் பணம் தராமல் இழுக்கும் என்ற பயத்தில் யாரும் டெண்டரில் வருவதில்லை, வந்தால் ரேட்டை ஏற்றிக் கேட்கிறார்கள். மாநிலத்தின் பார்வையில், தன் கஜானாச் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பதாகத் தோன்றும். தயக்கத்துக்கு இதுவும் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். இதை மாநில அரசு வெளிப்படையாகச் சொல்லி வாதாடியிருந்தால் நியாயம் நம் பக்கம் இருந்திருக்கும். சொல்லாமல் ஒதுங்கியதால் கோவை, மதுரை, திருச்சி, சேலம் ஜனங்களுக்கு ஏன் பஸ் வரவில்லை என்றே தெரியாமல் போய்விட்டது.

ஸ்பேனர்செட் (ஓய்வு)

வரவுசெலவு சார் சொன்ன கம்பெனி பயம் உண்மை. ஸ்பேர் சப்ளை செய்பவர்களுக்குப் பாக்கி வைத்துவிட்டு, அடுத்த ஆர்டருக்கு அவர்கள் கதவைத் தட்டியிருக்கிறோம். தரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது.

டெல்டாக்காரன் (தஞ்சை பக்கம்)

சாலைக்கும் இதே கதைதான். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் வந்தபோது முழுக் காசும் மத்திய அரசு. 2015-16-லிருந்து 60:40. அதுவும் இதுவரை சாலை இல்லாத ஊருக்குத்தான் முன்னுரிமை. நாம் முன்னாடியே ரோடு போட்டுவிட்டதால் புதுக் கட்டத்தில் நமக்கு வருவது கொஞ்சம். போட்ட ரோட்டைப் பராமரிப்பது மாநிலம். டவுன் பஸ் வரும் ரோடு குண்டும் குழியுமானால் ஸ்பேனர்செட் ஐயா சொன்ன அந்த ரப்பர் பை கிழிகிறது. எல்லாம் ஒன்றோடொன்று கட்டிக் கிடக்கிறது.

நெறியாளர்

கட்சிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பேச்சு நன்றாகப் போகிறது, இப்படியே தொடருங்கள்.

விசில் (கண்டக்டர், பணியில் உள்ளவர்)

எங்க தரப்பு நிபந்தனைய எழுதறேன், மனுவா யாராவது போடுறதா இருந்தா இதையும் சேருங்க. கிலோமீட்டருக்கு மானியம் குடுக்கறதுன்னா கழகமே வாங்கி கழகமே ஓட்டற பஸ்ஸுக்கும் குடுக்கணும். தனியார் ஓட்டினாத்தான் காசுன்னு ஏன் இருக்கணும்? மெக்கானிக் அண்ணன் மாதிரி ஆளுங்க கையில அந்த 24 ரூபா கிடைச்சிருந்தா 2009 பஸ் பாதிக்கு மேல இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருக்கும்.

டெல்லி பெரிய நகரங்களுக்குப் போட்ட இன்னொரு மின்சார பஸ் டெண்டர்ல, பி.எம். இ-டிரைவ்ல, பெங்களூருக்கு 4,500, டெல்லிக்கு 2,800, ஹைதராபாத்துக்கு 2,000ன்னு ஒதுக்கினாங்க. அகமதாபாத், சூரத்துக்கும் உண்டு. சென்னை பேரு அதுல இல்லை. ஏன்னு கேளுங்க.

நொய்யல்கரை (கோவை)

விசில் தோழர் வைத்த நிபந்தனை அருமை. இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஓடும் கிலோமீட்டருக்குப் பணம், யார் ஓட்டினாலும். மாநிலக் கணக்கில் கைவைக்கும் விதியை மாற்றி, தாமதமானால் அடுத்த தவணையில் கழித்துக்கொள்வது மாதிரி ஏதாவது. இந்த இரண்டையும் வைத்து மாநிலம் டெல்லியிடம் பேசலாம். மெட்ரோ அறிக்கையைத் திருத்தி அனுப்பும்போதே கூடவே அனுப்பலாம், ஒன்று இன்னொன்றுக்குத் தடை இல்லை. காவேரிப்பாலம், இதில் உங்களுக்கு மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

காவேரிப்பாலம் (திருச்சி)

மெட்ரோவைக் கீழ வைக்காம, கூடவே கேக்கறதுன்னா நானும் கையெழுத்துப் போடறேன். செஸ் விஷயத்தையும் ஒரு பத்தியில சேருங்க. திருச்சி பஞ்சப்பூர்ல புது பஸ் முனையம் வந்திருக்கு, அங்க இருந்து ஊருக்குள்ள இணைப்பு பஸ் போதலை. எங்க ஊரையும் பட்டியல்ல போடுங்க.

வைகைவாசி (மதுரை)

மனு குடுக்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஐ. போட்டுத் தகவல் வாங்கணும்ணே. கையில பேப்பர் இல்லாமப் போனா "பாக்கிறோம்"னு அனுப்பிருவாக.

வரவுசெலவு (சென்னை)

ஆமாம். இரண்டு இடத்துக்குப் போடவேண்டும்.

மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு: இ-பஸ் சேவா குறித்து ஒன்றிய அமைச்சகத்திடமிருந்து வந்த கடிதங்கள், அவற்றுக்கு அனுப்பிய பதில்கள், சேரவேண்டாம் என்று எடுத்த முடிவின் கோப்புக் குறிப்பு, இவற்றின் நகல். ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்துக்கு: திட்டத்தில் சேர இப்போதும் வழி இருக்கிறதா, கழகமே ஓட்டும் பஸ்ஸுக்கு உதவி தர மறுக்கும் விதி எது, அந்த விதியின் நகல்.

2009 பஸ்களுக்குத் தனியாக ஒன்று போடுங்கள்: எத்தனை வந்தன, எந்த வருஷம் எத்தனை கழிக்கப்பட்டன, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடின. அத்துடன் ஒன்றிய அரசுக்கு அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழின் நகலும் கேளுங்கள். அதில் வாங்கிய எண்ணிக்கை இருக்கும். ஓடிய கிலோமீட்டர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

"ஏன்" என்று கேள்வி கேட்டால் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். நகல் என்றே கேளுங்கள். மாநிலத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பதிவுத் தபாலில், ஒன்றிய அமைச்சகத்துக்கு ஆன்லைனிலேயே போடலாம். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

நொய்யல்கரை (கோவை)

கோவைக்கான மூன்றையும் நான் போடுகிறேன். மதுரை 300 பஸ் கணக்கை வைகைவாசி தம்பி கேட்கட்டும், திருச்சி இணைப்பு பஸ்ஸைக் காவேரிப்பாலம். ஸ்பேனர்செட் ஐயா, பணிமனையில் பராமரிப்புப் பதிவேட்டை என்ன பெயரில் வைத்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், சரியான பெயர் போடாவிட்டால் "அப்படி ஒரு பதிவேடு இல்லை" என்று பதில் வரும்.

மஞ்சள்கொத்து, உங்கள் ஸ்டாப் பெயரையும் ரூட் நம்பரையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அட்டவணையில் இருக்கிறது, நிஜமாக எத்தனை மணிக்கு ஓடுகிறது, இரண்டையும் ஒரு மாச டிரிப் ஷீட்டோடு அதே மனுவில் கேட்டுவிடலாம்.

ஸ்பேனர்செட் (ஓய்வு)

"வாகன வரலாற்றுப் பதிவேடு", அப்புறம் "லாக் ஷீட்". இரண்டு பெயரையும் போடுங்கள். பஸ் வண்டி எண்ணோடு கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது. பழைய எண்கள் சில என் டைரியில் இருக்கின்றன, ராத்திரி பார்த்து அனுப்புகிறேன்.